வேலியைத் தாண்டிய பந்து

அபுதாபி ருவைஸில் எங்கள் சேஃப்டி ஆபீசர், செம்பட்டைப் புருவம் கொண்ட ஸ்காட்லாந்துக்காரர். வெள்ளிக்கிழமைகளில் கேம்ப் பக்கம் நாங்கள் ஃபுட்பால் ஆடுவதைப் பார்க்க வருவார். காலடிக்கே பந்து உருண்டு வந்தாலும் உதைக்கமாட்டார்; குனிந்து கையால் எடுத்துக் கொடுப்பார்.

அப்படி எடுத்தவரிடம் ஒருநாள் காரணம் கேட்டேன். அவருடைய தாத்தா அந்தக் காலத்தில் சம்பளத்துக்கு ஃபுட்பால் ஆடியவராம். பெரிய கிளப் ஒன்று கூப்பிட்டபோது சொந்த கிளப் ரிலீஸ் தரவில்லை. அது இல்லாமல் வேறெங்கும் ஆட முடியாதாம். கடைசியில் நிலக்கரிச் சுரங்க வேலைக்குப் போனாராம். அதன்பின் அவர்கள் வீட்டில் யாரும் பந்தை உதைப்பதில்லை.

வேறு கம்பெனிக்கு மாற, விசா கொடுத்த கபீலிடம் ரிலீஸ் கேட்டு அலைந்துகொண்டிருந்த, எங்களோடு ஆடும் பரமக்குடிக்காரர், "அட, அவருக்கும் ஒரு கபீல் இருந்திருக்கான்யா!" என்றார்.

தமிழ் தெரியாத ஆபீசருக்கும் 'கபீல்' என்ற அந்த ஒரு சொல் புரிந்தது. பந்தைத் தரையில் வைத்து ஓங்கி உதைத்தார். அது கேம்ப் வேலியைத் தாண்டிப் போய் விழுந்தது.

யாரை நினைத்து உதைத்தார் என்று இன்னும் யோசிக்கிறேன்.