சும்மா பார்க்க வந்தவர்

சகாயநாதன் மாமாவுக்கு ஒரு குறையும் இல்லை என்றுதான் எங்கள் தெருவில் எல்லோரும் சொல்வார்கள். கடலூர் கோர்ட்டில் டவாலியாக இருந்து ஓய்வு பெற்றவர். மாதம் பிறந்தால் பென்ஷன், முதுநகரில் சொந்த வீடு, சர்க்கரையும் இல்லை, பிரஷரும் இல்லை. அறுபத்தைந்து வயதிலும் மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாண்டி ஏறுகிற மனுஷன். பிள்ளை இல்லை. மனைவி சவரிமேரி போய் இரண்டு வருஷம் ஆகிறது. இதையெல்லாம் குறையென்று நினைக்க இங்கே யாருக்கு நேரம்?

எனக்கும் நேரமில்லைதான். வாடகைக் கார் ஓட்டிப் பிழைக்கிறவன். ஆனால் பக்கத்து வீட்டுக்காரன் தப்பிக்க முடியுமா? வண்டியைக் கழுவினால் வந்து நின்றுவிடுவார். “டயர் புதுசா மாப்ள?” என்பார். போன வாரம் பார்த்த அதே டயர்தான். பேச்சுக்கு ஒரு ஆள் வேண்டும், அவ்வளவுதான். அவர் மாதா கோயிலுக்குப் போகிறவர், நான் மாரியம்மனைக் கும்பிடுகிறவன். இருந்தாலும் எனக்கு அவர் மாமா, அவருக்கு நான் மாப்பிள்ளை.

வைகாசியில் ஒரு நாள் காலையில் வந்தார். “நாளைக்கு வண்டி சும்மாதான நிக்குது? சிதம்பரத்துல ஜெனிட்டாவப் பாத்துட்டு, அப்டியே குமராட்சி போயி மரிய அருளையும் பாத்துட்டு வந்துடலாம்.”

இருவரும் அவருடைய சித்தப்பா பிள்ளைகள். இருபது வருஷத்துக்கு முன்னால் ஜெனிட்டாவின் கல்யாணப் பத்திரிகையை நேரில் வந்து வைக்காமல் தபாலில் அனுப்பிவிட்டார்கள். மாமாவுக்கு ரோஷம், போகவில்லை. அவர்களும் வரவில்லை. சவரிமேரி இறந்ததே யாரோ சொல்லி ரொம்ப நாள் கழித்துத்தான் அவர்களுக்குத் தெரிந்தது. அப்புறம் எந்த முகத்தோடு வருவது என்று இருந்துவிட்டார்கள்.

“இப்ப என்னா மாமா திடீர்னு?”

“நாம போனாதான அவுங்களும் வருவாங்க. என் வூட்டுக்குள்ள சொந்தக்காரன்னு ஒருத்தன் காலெடுத்து வெச்சு எவ்ளோ நாளாச்சு, சொல்லு” என்றார்.

பண்ருட்டிப் பலாப்பழம் இரண்டைப் பின்சீட்டில் ஏற்றினார். அந்த வாசனை இன்னும் சீட்டை விட்டுப் போகவில்லை. புதுச்சத்திரம் தாண்டும்வரை அவர்களுடைய சின்ன வயசுக் கதைதான். அப்புறம் பேச்சை நிறுத்திவிட்டுச் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டே வந்தார்.

ஜெனிட்டா கதவைத் திறந்ததும் அடையாளம் தெரிந்துகொண்டாள். “அண்ணே!” என்று கையைப் பிடித்தவள், அடுத்த மூச்சில் கேட்டுவிட்டாள். “என்னாண்ணே, எதுனா விசேஷமா?”

“ஒண்ணும் இல்லம்மா. சும்மா பாத்துட்டுப் போலாம்னு.”

உள்ளேயிருந்து அவள் வீட்டுக்காரர் வந்தார். சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, பத்திரிகை வாங்கத் தயாராக உட்கார்ந்தார். மாமா பலாப்பழத்தை நீட்டினார். மனிதர் கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார். காபி வந்தது. வெயில் ஜாஸ்தி என்றார்கள். நாங்களும் ஜாஸ்தி என்றோம். கிளம்பும்போது மாமா, “ஒரு நாளைக்கு எல்லாரும் வாங்க” என்றார். “ஆவட்டும்ண்ணே” என்றாள் ஜெனிட்டா. அந்த ‘ஆவட்டும்’ எப்படிப்பட்டது என்று எனக்கே தெரிந்தது.

குமராட்சியிலும் இதே கதைதான். விசேஷமா? இல்லை. சும்மாவா? சும்மாதான். மரிய அருளின் மனைவி கோழி அடிக்கிறேன் என்றாள், மாமா வேண்டாமென்றார். புறப்படும் நேரத்தில் அருள் என்னைத் தனியாக வயலோரம் அழைத்துப் போனார்.

“நெஜத்த சொல்லுங்க. எங்க அண்ணனுக்கு ஒடம்புக்கு என்னா?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “அவருக்கு என்னாங்க? குண்டுக்கல்லு மாதிரி இருக்காரு.”

அருள் சிரிக்கவில்லை. தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பிவிட்டார்.

திரும்பி வரும் வழியில் ஆலப்பாக்கம் வந்ததும் மாமா, “ஒருத்தர்கூட வரேன்னு சொல்லல, பாத்தியா மாப்ள” என்றார். பாவமாக இருந்தது. ரேடியோவைப் போட்டுவிட்டேன். வேறென்ன செய்ய?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெருவில் ஒரு வேன் வந்து நின்றது. ஜெனிட்டா, அவள் வீட்டுக்காரர், அருள், அவர் மனைவி, பிள்ளைகள். ஆளுக்கொரு பை. ஆப்பிள், ஆரஞ்சு, ஹார்லிக்ஸ். ஜெனிட்டா வேனிலிருந்து இறங்கும்போதே அழுதாள். எனக்கு விஷயம் உறைத்தது. இத்தனை வருஷம் வராதவர் ஒரு காரணமும் இல்லாமல் வந்தால், சாகப்போகிறவர் கடைசியாகப் பார்த்துவிட்டுப் போக வந்திருக்கிறார் என்று முடிவு கட்டிவிட்டார்கள். இந்தக் கூத்தை உடனே நிறுத்தவேண்டுமென்று பின்னாலேயே ஓடினேன்.

மாமா மொட்டைமாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். சத்தம் கேட்டுக் கீழே வந்தார்.

“எங்ககிட்ட சொல்லக்கூடாதாண்ணே? நாங்க என்னா செத்தா பூட்டோம்?” என்று ஜெனிட்டா அவர் மார்பில் சாய்ந்து அழுதாள். அருள் கட்டிலில் தலையணையைச் சரிசெய்தார். பிள்ளைகள் அவரை ஒட்டி நின்றார்கள். உட்கார நாற்காலி போதாமல் பாதிப்பேர் தரையில் உட்கார்ந்தார்கள்.

மாமா ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தார். ஹார்லிக்ஸ் பாட்டிலைப் பார்த்தார். புரிந்துவிட்டது. நான் வாயைத் திறந்தேன். வேண்டாமென்று தலையை ஆட்டினார்.

பிறகு மெல்ல நடந்துபோய்க் கட்டிலில் படுத்துக்கொண்டார்.

“டாக்டர் என்னாண்ணே சொல்றாரு?”

“ஒடனே சொல்ல முடியாதாம்மா. மாசா மாசம் பாக்கணுமாம்.”

“அப்ப மாசா மாசம் நாங்க வரோம்.”

சாயங்காலம் வேன் போனதும் எனக்கு வந்த கோபத்தில் கேட்டேவிட்டேன். “நல்லாருக்கிற மனுஷன் இப்பிடி ஏமாத்தலாமா மாமா? அந்தப் பொண்ணு எப்பிடி அழுதுச்சு!”

அவர் எழுந்திருக்கவில்லை. போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

“நல்லா இருந்தப்ப யாரு மாப்ள வந்தா?”