ஆயுளுக்கும் ஒரு தூண்டில் காட்

எங்கள் குடும்பத்தில் படித்து முடித்த முதல் ஆள் நான். லா சப்பல் தமிழ்க் கடைத்தெருவில் தெரிந்தவர்களைக் கண்டால் அப்பா முதலில் அதைத்தான் சொல்வார். எனக்கும் அது பிடிக்கும். விசா கொடுக்கும் பிரெபெக்சரிலும் ஆஸ்பத்திரியிலும் அவருக்காகப் பேசுவது நான்தான்.

அப்பா மன்னாரில் கடலுக்குப் போனவர். இங்கே ரூ பிலிப்-து-ஜிரார் தெருக் கடை ஒன்றில் உறைந்த மீன் வெட்டினார். ஞாயிறு பூசை முடிந்ததும் என்னை ஒபர்வில்லியே கால்வாய்க் கரைக்குக் கூட்டிப்போவார். தூண்டில் போடும் பிரெஞ்சுக்காரர்களுக்குப் பின்னால், முதுகில் கைகளைக் கோத்தபடி நிற்பார்.

"ஏன் அப்பா நீங்கள் போடுறேல்லை?" என்று சின்ன வயதில் கேட்டேன்.

"அதுக்கு அனுமதிக் காட் வேணும் பிள்ளை. நஷனாலிட்டி உள்ளவைக்குத்தான் குடுப்பினம். களவாய்ப் போட்டுப் பிடிபட்டால் விசாவும் போயிடும்."

சலூனில் யாரோ சொன்னது. எங்கள் ஆட்கள் எல்லோரும் அதை நம்பினார்கள். பிரெஞ்சுக்காரரிடம் கேட்க ஒருவருக்கும் துணிவில்லை. காட் பற்றிக் கேட்டால் முதலில் நம்முடைய விசா காட்டைத்தானே கேட்பார்கள்.

ஊரில் சண்டை முடிந்து சில வருடங்களில் அப்பாவுக்கு நஷனாலிட்டி கிடைத்தது. அடையாள அட்டை கைக்கு வந்த வாரமே, தூண்டில் சாமானும் காட்டும் விற்கும் கடைக்குப் போனோம். அப்பா இஸ்திரி போட்ட சேர்ட்டோடு வந்தார்.

"ஆயுளுக்கும் ஒண்டாய்த் தரச்சொல்லு. எவ்வளவெண்டாலும் கட்டுறன். இனியும் புதுப்பிக்க வரிசையிலை நிக்க என்னாலை ஏலாது."

கடைக்காரர் சொன்னதை நான் தமிழில் சொன்னேன். "மீனுக்கு ஆயுள் காட் இல்லையாம் அப்பா. வருஷாவருஷம் எடுக்க வேணுமாம். எப்ப எடுத்தாலும் மார்கழியோடை முடிஞ்சிடுமாம். துவக்கு வேட்டைக்குத்தான் ஆயுளுக்கும் இருக்காம். அதுக்கும் சோதனை பாஸ் பண்ணி, பிறகு வருஷம் வருஷம் காசு கட்ட வேணுமாம்."

"துவக்குக்காரனுக்கு ஆயுளுக்கும், தூண்டில்காரனுக்கு மார்கழி மட்டும்! இஞ்சையும் அப்பிடித்தானோ?" அப்பா சிரித்தார். பிறகு அடையாள அட்டையை எடுத்து மேசையில் வைத்தார். "சரி, ஒரு வருஷத்துக்கே தரட்டும்."

கடைக்காரர் அதைத் தொடவில்லை. பெயரும் பிறந்த திகதியும் போதுமாம். எந்த நாட்டவரும் எடுக்கலாமாம், சுற்றுலா வந்தவர்கூட.

"முந்தியும் அப்பிடித்தானோ எண்டு கேள்."

இல்லை என்று சொல்லிவிடமாட்டாரா என்று நினைத்துக்கொண்டே கேட்டேன். எப்போதும் அப்படித்தான் என்றார் அவர். வருட முடிவு என்பதால் தை மாதம் வந்து எடுத்தால் லாபம் என்று அன்பாக வேறு சொன்னார்.

"ஓம் அப்பா. முந்தியும் அப்பிடித்தானாம்."

அப்பா அட்டையை எடுத்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். காட் எடுக்காமலே வெளியே வந்தோம்.

திரும்பும்போது கால்வாய்க் கரையில் ஒருவர், கொக்கி விழுங்கிய மீனோடு திண்டாடிக்கொண்டிருந்தார். அப்பா இறங்கிப்போய் மீனைக் கையில் வாங்கினார். இரண்டு விரலை உள்ளே விட்டார். கொக்கி வந்துவிட்டது. அந்த மனிதர் நன்றி சொல்லிக் கையை நீட்டினார். அப்பா மீனைக் கொடுக்கவில்லை. அது அவருடைய உள்ளங்கையில் துடித்துக்கொண்டிருந்தது.

"பிள்ளை, கொஞ்சநேரம் இதைப் பிடிச்சிருக்கவும் காட் வேணுமோ எண்டு கேள்."

அந்த மனிதர், அப்பா என்ன சொன்னார் என்பதுபோல என்னைப் பார்த்தார். எனக்குப் பிரெஞ்சு வரவில்லை.