கொத்து மாஸ்டர் கேட்ட பத்து வருச ஒப்பந்தம்

இண்டைக்கு நடந்ததைக் கேளுங்கோ, பிள்ளையள்.

நானும் மருமகனும் டூட்டிங் கடையில கொத்து ரொட்டிக்கு நிண்டம். மருமகன் போனைப் பார்த்திட்டு, "மாமா, நான் ரசிக்கிற பேஸ்போல் டீம் முப்பத்திரண்டு வயசு ஸ்டாரைப் பத்து வருசத்துக்கு எடுக்கப்போகுதாம்" எண்டான்.

"பத்தோ? விசரே!" எண்டு கத்தினன். பேஸ்போலின்ர தகப்பன் எங்கட ஊர் 'எல்லே' விளையாட்டு. அதில நான் அடிச்ச பந்தை இண்டைக்கும் தேடுகினம். "ஒவ்வொரு வருசமாத்தான் எழுதவேணும்."

"சரியாச் சொன்னியள் அண்ணை" எண்டார் முதலாளி.

கொத்து மாஸ்டர் ரொட்டி கொத்துற தகட்டைக் கீழ வைச்சார். "முதலாளி, எனக்கும் பத்து வருசம் எழுதித் தாங்கோ. முன்னுக்கு இருக்கிற கடைக்காரர் வேலைக்குக் கூப்பிடுறார்."

முதலாளி வெளிறிப்போய் என்னைப் பார்த்தார். "அண்ணை, ஒரு வருசம்தானே?"

என்ர கொத்து கல்லில பாதியில கிடக்குது.

"இருபது எழுதும் ஐசே!" எண்டன்.

மருமகன் மோர்டன் ஸ்டேசன் வரைக்கும் சிரிச்சுக்கொண்டு வந்தான். நீங்களெண்டா எத்தனை எழுதுவியள்?