பிள்ளைமடுவத்தில் நடந்த ரிசெப்ஷன்

அக்காவின் கல்யாண ரிசெப்ஷன் ஹட்டன் டவுனில், கூரையிலிருந்து கண்ணாடி விளக்குகள் தொங்கும் மண்டபத்தில் நடக்க வேண்டியது. நடந்ததோ டயகமவுக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைமடுவத்தில். மலைக்குக் கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப் போகும் இடம் அது. எவ்வளவு கழுவினாலும் பால் வாடை போகாது. இந்த அநியாயத்துக்காக நான் அக்காவோடு பேசுவதையே விட்டிருந்தேன். எனக்கு அப்போது ஒன்பது வயது.

மண்டபத்தை ஏற்பாடு செய்தவர் பெரியப்பா. இளவயதிலேயே தோட்டத்தை விட்டுப் போய் டவுனில் ஹார்ட்வெயார் கடை போட்டவர். அப்பா இறந்தபின் எங்கள் வீட்டில் எந்த நல்லது நடந்தாலும் அதற்குத் தலைமை தாங்க வந்துவிடுவார். மண்டபக்காரர் அவருடைய கூட்டாளி என்பதால் வாடகை குறைவு. மற்றச் செலவுகளைச் சுருக்கும் வேலை அக்காவுடையது. அவள் நுவரெலியாவில் மணப்பெண் அலங்காரம் செய்யும் சலூனில் வேலை செய்தாள். வசதியானவர்களின் கல்யாணங்களில் எது அழகாகத் தெரிகிறது, எது வெறும் ஆடம்பரமாகத் தெரிகிறது என்று நின்று பார்த்தே படித்திருந்தாள். இரண்டு நிறத்துக்கு மேல் வேண்டாம், பூ குறைவாக இருக்கலாம் ஆனால் வாடியிருக்கக் கூடாது, சாப்பாட்டில் வகை குறைந்தாலும் சூடு குறையக் கூடாது என்பாள். எனக்கு வெள்ளைக் கவுனும் அவளே தைத்தாள். அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடி விளக்கின் கீழே நான் சுற்றப்போவதை, தொழிலாளர் வீடுகள் வரிசையாக நிற்கும் எங்கள் லயம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன்.

கல்யாணம் நெருங்கிய சமயத்தில் ஒரு நாள் பெரியப்பா வந்தார். தேத்தண்ணி குடித்து முடித்தார். பிறகு, மாப்பிள்ளை வீட்டார் டவுன் ஆட்கள், மாப்பிள்ளைக்கு பேங்கில் வேலை, அதனால் மண்டபத்துக்கு நம் குடும்பம் மட்டும் வந்தால் போதும் என்றார்.

“லயத்து ஆளுங்களுக்கு இங்கயே ஒரு நேரம் சோறு போட்டுரலாம். அங்க கூட்டிட்டு வந்தா பார்க்க நல்லா இருக்காது.”

அம்மா தலையாட்டினார். அக்கா ஆட்டவில்லை.

“அப்பாவத் தூக்கிட்டுப் போனது யாரு பெரியப்பா? நீங்க வந்து சேரும்போது எல்லாம் முடிஞ்சிருச்சு. அவங்க உக்கார முடியாத எடத்துல நானும் உக்கார மாட்டேன்.”

பெரியப்பா குடையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார். அன்றைக்கே அக்கா மாப்பிள்ளைக்குப் போன் செய்து விஷயத்தைச் சொல்லி, பிள்ளைமடுவத்திலேயே வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள். அவர் சரி என்றுவிட்டார். இத்தனை சுலபமாக ஒரு மனிதர் என் மண்டபத்தைக் கைகழுவினாரே என்று அவர் மேலும் எனக்கு ஆத்திரம் வந்தது. பெரியப்பா மேல் போயிருக்க வேண்டிய கோபம் அது. ஒன்பது வயதில் அது கண்ணாடி விளக்கைப் பறித்தவர்கள் மேல்தான் போனது.

பிள்ளைமடுவத்துக்கு லயத்து ஆட்களே வெள்ளையடித்தார்கள். தொட்டில் கட்டும் குறுக்குச் சட்டங்களில் அக்கா வெள்ளை லேஸ் திரைகளைத் தொங்கவிட்டாள். சீப்புப் போல இலை விரியும் ஆற்றோரத்துப் பன்னச் செடிகளை ஜாம் போத்தல்களில் வைத்தாள். யாரும் கவனிக்காமல் செடிகள் ஆளுயரம் வளர்ந்துவிட்ட பழைய மலையிலிருந்து, வெள்ளைப் பூவோடு தேயிலைக் கொப்புகளை வெட்டிவந்து மணமேடையைச் சுற்றிக் கட்டினாள்.

“கல்யாணத்துக்குமா தேயில?” என்று அம்மா முகத்தைச் சுளித்தார். வருடம் முழுக்கப் பார்த்துச் சலித்த செடி அது. அக்கா சிரித்துக்கொண்டே கட்டினாள்.

அன்று மிஸ்ட் இறங்கியிருந்தது. வேனில் வந்து இறங்கிய மாப்பிள்ளை வீட்டார் வாசலிலேயே நின்று உள்ளே பார்த்தார்கள். எனக்கே தெரிந்தது, அழகாகத்தான் இருந்தது. அதை ஒப்புக்கொள்ள வேண்டி வந்ததே என்று அதற்கும் கோபப்பட்டேன். லயத்து ஆட்கள் எல்லாரும் நல்ல உடுப்பில் முன்வரிசையிலிருந்தே உட்கார்ந்திருந்தார்கள். பெரியப்பாவும் வந்தார். வந்தவர் நடுவில் ஒரு நாற்காலியைப் பிடித்து, ஏற்பாடெல்லாம் தன் யோசனை என்று மாப்பிள்ளையின் மாமாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். இன்றைக்கு நினைத்தாலும் எனக்குக் காது சூடாகிறது.

சாப்பாட்டுக்குப் பிறகு மாப்பிள்ளையின் அம்மா, என் அம்மாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நான் நடுவில் கேக் தின்றுகொண்டிருந்தேன்.

“நீங்க வேலைக்குப் போறீங்களா, சம்பந்தி?”

“இல்லங்க. வீட்டுலதான் இருக்கேன்” என்றார் அம்மா.

“பொய். அம்மா கொழுந்து எடுக்குறாங்க. போன கிழமையும் மலைக்குப் போனாங்க” என்று உரக்கச் சொன்னேன்.

அம்மா கொழுந்துக் கறை படிந்த தன் இரண்டு கைகளையும் முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார். மேடையில் அக்காவின் முகம் எங்கள் பக்கம் திரும்பியது. மாப்பிள்ளையின் அம்மா எதையும் கவனிக்காதவர் போல நாற்காலியை இன்னும் கிட்ட இழுத்தார்.

“இந்த மழைக்குக் கொழுந்து எப்படிங்க வருது?”

 அம்மா மெதுவாகப் பதில் சொன்னார். மழை, அட்டைக்கடி, சறுக்கும் பாதை என்று பேச்சு நீண்டு, கடைசியில் அம்மா கையை வெளியே எடுத்து எந்த மலை எந்தப் பக்கம் என்று காட்டிக்கொண்டிருந்தார்.

என்னை யாரும் திட்டவில்லை. அம்மாவையும் யாரும் திட்டவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. பொய் சொல்லும்படி பெரியப்பாகூடச் சொல்லவில்லையே. லயமே அங்கே உட்கார்ந்திருந்தது, எல்லாருக்கும் உண்மை தெரியும். இவர்களுக்காகத்தானே அக்கா மண்டபத்தையே வேண்டாம் என்றாள்?

வேன் போனபிறகு வீட்டில் அம்மா புதுச்சேலையை மடித்துக்கொண்டிருந்தார். ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று சண்டைக்கே போனேன். அம்மா மடிப்பைச் சரிசெய்தபடி யோசித்தார்.

“தெரியல. வாயில வந்துருச்சு.”

சாக்குப்போக்கு என்றே நினைத்தேன். அம்மாவுக்கு முதுகைக் காட்டிப் படுத்துக்கொண்டேன். அந்தப் பதிலை அம்மாவின் வாயில் யார் யார் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள் என்று கேட்க எனக்குத் தெரியவில்லை.