ஒட்டி அடித்த கோடு

1984 மே 8, செவ்வாய்க்கிழமை, காலை பத்தே முக்கால். பட்டியலில் ஊர்கள் எட்டு.

திருப்பத்தூரில் எங்கள் ஆபீஸ் அறை முழுக்க ஸ்டென்சில் மை வாசனை… வாசலில் ஜீப் டிரைவர் ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டிருந்தார்.

எனக்கு இருபத்து மூன்று வயது. சிவில் டிப்ளமோ. ஜவ்வாது மலை ஊர்களில் கைபம்புக்கு ஆழ்துளை போர் போட இடம் குறிப்பது என் வேலை. குறித்த இடத்தில் சுண்ணாம்பு பூசிய கல் ஒன்றை நட்டுவிட்டு வருவேன். பிறகு இங்கிலீஷில் பட்டியல். டைப்பிஸ்ட் மல்லிகா அடிப்பார். அந்தத் தாளைப் பார்த்துத்தான் துளை போடும் ரிக் வண்டி மலையேறும்.

முதல் நான்கு ஊர்களில் இரண்டிரண்டு கற்கள். அதனால் 1-1, 1-2, 2-1 என்று போட்டிருந்தோம். முன்னால் இருப்பது ஊர், பின்னால் இருப்பது கல். ஐந்தாம் ஊரிலிருந்து எட்டாம் ஊர் வரை ஊருக்கு ஒரே கல். நாலு வரி எதற்கு என்று 5-8 என ஒரே வரியில் எழுதிக் கொடுத்தேன்.

மல்லிகா மிஷினிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"சார், இது அஞ்சுலேந்து எட்டு வரைக்குமா? அப்போ டேஷ் சார். ரெண்டு பக்கமும் இடம் விட்டு அடிக்கணும். நீங்க ஒட்டிப் போட்டிருக்கீங்க, இது ஹைஃபன். மேல இருக்கிறதெல்லாம் ஹைஃபன்தான்."

"மிஷின்ல ரெண்டுக்கும் ஒரே கீதானே?"

"கீ ஒண்ணுதான் சார். பேசாம 'டு'ன்னு எழுத்துலயே போட்டுடட்டுமா?"

"இன்னா மல்லிகா, ஒரு கோட்டுக்குப் போயி பஞ்சாயத்து? அப்படியே அடிங்க. ஜீப் நிக்குது."

"டிப்ளமோல கோடு போடறதுக்குத் தனி பேப்பர் இருக்கும்னு நெனச்சேன்…"

சொல்லிவிட்டு அடித்தார். ஒட்டித்தான் அடித்தார்.

அந்த நேரத்தில் ஏழாம் ஊரில் பாதை போட்டுக்கொண்டிருந்தார்கள். ரிக் வர வழி வேண்டும் என்று சொன்னது நான்தான். வீட்டுக்கு ஒரு ஆள் இறங்கினார்கள். முள்ளை வெட்டினார்கள். குறுக்கே கிடந்த பாறைமேல் விறகடுக்கி எரித்து, சூடு இருக்கும்போதே தண்ணீர் ஊற்றி, வெடிப்பு விட்டதும் கடப்பாரையால் பெயர்த்தார்கள். கோடையில், குடிப்பதற்காக ஒரு மைல் கீழே இறங்கி ஊற்றிலிருந்து பெண்கள் சுமந்து வந்த தண்ணீர் அது. போர் வந்துவிட்டால் இனி இறங்க வேண்டாம் என்று அதைப் பாறையில் ஊற்றினார்கள்.

ஜூன் முதல் வாரம் ரிக் ஃபோர்மேனின் சீட்டு ஆபீசுக்கு வந்தது. 'ஐந்தாம் ஊரில் எட்டாம் கல் கிடைக்கவில்லை. இருந்த ஒரே கல்லில் போட்டாயிற்று. வேலை முடிந்தது.'

ரிக் வேறு ஜில்லாவுக்குப் போய்விட்டது. ஆறு, ஏழு, எட்டாம் ஊர்களுக்கு வண்டி போகவே இல்லை.

படித்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. மறுநாள் மலைக்குப் போனேன். பாதை வேலையை முன்நின்று நடத்திய சின்னாண்டி, ஏழாம் ஊர் எல்லையிலேயே நின்றிருந்தார். முப்பத்தைந்து வயது விவசாயி.

"வாங்க சார். வண்டி அஞ்சாம் ஊரோட திரும்பிப் போச்சாமே… நம்ம பாதைய வந்து பாத்தாங்களா?"

நான் வாயைத் திறக்கும் முன்பே அவர் மனைவி ஆரம்பித்துவிட்டார்.

"அந்த வளைவு பத்தாதுன்னு நான் அப்பவே சொன்னேன், கேட்டியா? ஆட்டுக்குப் போடற மாதிரி வழிய போட்டுட்டு, லாரி வரும்னு ஒக்காந்துனு கீற!"

சின்னாண்டி தலையைச் சொறிந்துகொண்டு சிரித்தார்.

"தப்பு எங்களுதுதான் சார். அகலம் பத்தல. இன்னும் ரெண்டு முழம் வெட்டிடறோம். வண்டிய மட்டும் திரும்ப வரச் சொல்லுங்க."

பாதை சரியாக இருந்தது. தாராளமாக இருந்தது.

நான் "பார்க்கிறேன்" என்றேன். அவ்வளவுதான். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. பயம்.

முதல் மழை விழுந்து மண் ஈரமாக இருந்த நாட்கள் அவை. சாமை விதைக்க வேண்டிய நேரம். அவர்கள் ஏரை வைத்துவிட்டுக் கடப்பாரையை எடுத்தார்கள். அந்த வருஷம் அந்த ஊரில் பாதி நிலம் விதைப்பைப் பார்க்கவில்லை.

ஆபீசுக்குத் திரும்பி புதுப் பட்டியல் கொடுத்தேன். ஒவ்வொரு ஊருக்கும் தனி வரி. மல்லிகா என் முகத்தைக்கூடப் பார்க்காமல் அடித்துக் கொடுத்தார்.

அடுத்த பொங்கல் தாண்டித்தான் ரிக் வந்தது. தண்ணீர் வந்ததும் முதல் சொம்பை சின்னாண்டி என்னிடம்தான் நீட்டினார்.

"அகலம் போட்டதும் வந்துடுச்சு பாத்தீங்களா சார்?"

வாங்கிக் குடித்தேன்…

இன்று போனில் இரண்டு ஹைஃபனைத் தட்டினால் அதுவே நீளக் கோடாக மாறிக்கொள்கிறது. ரிட்டையரான பிறகும் ஜூனியர்கள் என் பார்வைக்கு அனுப்பும் ரிப்போர்ட்டில் 'இதிலிருந்து இதுவரை' என்கிற இடத்தில் ஹைஃபன் இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன். முதுகுக்குப் பின்னால் எனக்கு 'டேஷ் சார்' என்று பெயர். இங்கிலீஷ் வெறியன் என்று நினைக்கிறார்கள். நினைக்கட்டும். திருத்துவது இப்போது சுலபம். அன்று ஸ்டென்சிலில்கூட முடிந்திருக்கும்… தப்பை மூடும் சிவப்பு மையை ஒரு சொட்டு தடவி, காய்வதற்கு ஒரு நிமிஷம் காத்திருக்க வேண்டும். என்னிடம் அந்த ஒரு நிமிஷம் இல்லை.

போன வாரம் ஒரு கல்யாணத்தில் சின்னாண்டியின் மகனைப் பார்த்தேன். பேச்சோடு பேச்சாகச் சொல்கிறார்:

"எங்கப்பா மொதல்ல ஆட்டு வழி மாதிரி போட்டுட்டாராம் சார், அதால போரு வர லேட்டாம். ஊர்ல இன்னும் அவர ஓட்டினு கீறாங்க. கேட்டுட்டு சும்மா ஒக்காந்திருப்பாரு."

நாற்பது வருஷமாகச் சும்மா உட்கார்ந்திருக்கிறார்.

இனி செய்ய வேண்டியவை:

1. இந்தப் பதிவை அழிக்காமல் விடுவது. இதுவரை மூன்று முறை எழுதி அழித்தாயிற்று.

2. ஞாயிறு காலை முதல் பஸ்ஸில் மலைக்குப் போவது.

3. சின்னாண்டியைக் கிண்டல் செய்பவர்களும் கூட இருக்கும்போது, பாதை முதல் தடவையே சரியாகத்தான் இருந்தது என்று சொல்வது.

4. 'அப்போ யார் தப்பு?' என்று அவர் கேட்பதற்கு முன்பே, என் பெயரைச் சொல்லிவிடுவது.