மூடி மாமா அடைத்த ஓட்டைகள்

துறைமுகத்துக்குப் பின்னால் இருக்கும் பட்டறைத் தெருவில் அவரை எல்லோரும் மூடி மாமா என்றுதான் கூப்பிடுவார்கள். வயதில் மூத்தவர்கள்கூட அப்படித்தான். வங்கியில் யாராவது அவருடைய முழுப்பெயரைச் சொல்லி அழைத்தால், பக்கத்து நாற்காலிக்காரரைத் திரும்பிப் பார்ப்பார். பெயர் அந்த அளவுக்கு உதிர்ந்துபோயிருந்தது.

அவருடைய தொழில், பிக்கப் வண்டிகளின் சேசிஸைத் துருப்பிடிக்காமல் காப்பது. எஞ்சினையும் பின்பெட்டியையும் சுமந்துகொண்டு வண்டியின் அடியில் நீளமாக ஓடும் இரண்டு இரும்புச் சட்டங்கள்தான் சேசிஸ். மீன் ஏற்றும் வண்டிகளில் ஐஸ் உருகி, உப்புத் தண்ணீர் அதன் மேல் சொட்டிக்கொண்டே இருக்கும். மேலே பார்த்தால் வண்டி மாப்பிள்ளை மாதிரி மினுங்கும், குனிந்து பார்த்தால் கண்றாவியாக இருக்கும். உரிமையாளர்களுக்குக் குனிந்து பார்க்க நேரம் ஏது? அதற்குத்தான் மூடி மாமா இருந்தார்.

வண்டி வேலைக்கு வருமுன் அவர் படகுத்துறையில் இருந்தவர். மரப்படகுகளின் பலகை இடுக்குகளில் பஞ்சுத்திரியைத் திணித்து, மேலே தார் பூசி அடைக்கிற வேலை. அந்த வேலையில் ஒரே ஒரு சட்டம்தான் உண்டு. ஓட்டை என்றால் சாவு. ஊசி நுழையும் இடுக்கு இருந்தாலும் நடுக்கடலில் ஆளை முழுங்கிவிடும். சின்ன வயதில் மண்டையில் ஏறியது அது. கல்யாணமானதும் மாமனார் தன்னுடைய வெல்டிங் பட்டறையில் ஒரு ஓரத்தை ஒதுக்கிக் கொடுத்து, “மாப்பிள்ளை, தரையிலேயே வேலை பாருங்க, எங்க பொண்ணு நிம்மதியா தூங்கட்டும்” என்றார். அவரும் தரைக்கு வந்துவிட்டார், ஆனால் அந்தச் சட்டத்தையும் கூடவே கொண்டுவந்தார்.

முதன்முதலாக ஒரு பிக்கப்பின் அடியில் மல்லாந்து படுத்தபோது அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. பெட்டி போல மூடியிருந்த அந்த இரும்புச் சட்டத்தின் அடிப்பக்கத்தில் வரிசையாக ஓட்டைகள். விரல் நுழையும் அளவு. “எந்த மடையன்டா இதை அடைக்காம அனுப்பினான்?” என்று அடியில் படுத்தபடியே கத்தினார். தண்ணீர் உள்ளே போகத்தானே போகிறது, இரும்பு உளுத்துப்போகத்தானே போகிறது! கம்பெனிக்காரன் சோம்பேறித்தனத்தைத் தான் சரிசெய்வதாக நினைத்துக்கொண்டார். பழைய ரப்பர் செருப்பை வட்டம் வட்டமாக வெட்டி, ஒவ்வொரு ஓட்டையிலும் அறைந்து, சுற்றிலும் கொதிக்கும் தாரைப் பூசினார். எறும்பு நுழைய வழியில்லை.

அன்று முதல் அவர் மூடி மாமா. ஒவ்வொரு மழைக்காலத்துக்கும் முன்னால் வண்டிகள் வரிசைகட்டி நிற்கும். பழைய மூடியைத் தட்டிப் பார்த்து, தளர்ந்ததை மாற்றி, மேலே இன்னொரு பூச்சு. தெருவில் பிய்ந்த செருப்பெல்லாம் அவர் வீட்டுக்கே வந்து சேரும். பிய்யாத செருப்பும் சில நேரம் காணாமல் போகும். “வர்றவங்களை எல்லாம் செருப்போட உள்ள வாங்கன்னுதான் சொல்லணும் போல. இந்த மனுஷன் கண்ணுல பட்டா அவ்ளோதான்” என்று மனைவி அலுத்துக்கொள்வாள். அவர் சிரித்துக்கொண்டே கத்தியைத் தீட்டுவார்.

மனுஷனைக் குறை சொல்ல முடியாது. அத்தனை சுத்தமான வேலைக்காரர். அவர் பூசிய சேசிஸ் வருடக்கணக்கில் கன்னங்கரேலென்று இருக்கும், துரு எட்டிப் பார்க்காது. தெருவே அவரைத் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு ஆடியது. யாராவது புகழ்ந்தால் அவர் காது சிவந்துவிடும். தலையைக் குனிந்துகொண்டு, “அதெல்லாம் ஒண்ணுமில்லப்பா” என்பார். ஆனால் அந்த நாள் முழுக்க வாய் காதுவரை இருக்கும்.

ஒரே மகள். அவளும் பிக்கப் ஓட்டினாள். துறையில் மீன் ஏற்றி, மலைக்கு மேலே இருக்கும் சந்தைக்குக் கொண்டுபோகிற வேலை. வளைவு வளைவான பாதை, ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். மனைவி எவ்வளவோ தடுத்துப் பார்த்தாள். மூடி மாமா மகள் பக்கம்தான் நின்றார். “ஸ்டீரிங்கை அவ பார்த்துக்குவா, சேசிஸை நான் பார்த்துக்கிறேன். அப்புறம் என்ன பயம் உனக்கு?” என்று மனைவியின் வாயை அடைத்தார். அதுவும் அடைப்புதான், அதிலும் அவர் கெட்டிக்காரர்.

அன்று காலை ஐஸ் ஃபேக்டரிக்காரரே தன் பிக்கப்பைப் பட்டறைக்கு ஓட்டிவந்தார். பின்பக்கம் ஏதோ கடமுடவென்று சத்தம் வருகிறதாம். வெல்டர் வண்டியை ஜாக்கியில் தூக்கிவிட்டு அடியில் போனான். வெல்டர் என்றால் வேறு யாருமில்லை, மனைவியின் தம்பி, மாமனாருக்குப் பிறகு பட்டறை அவன் கைக்கு வந்திருந்தது. பிறகு, “மாமா, கொஞ்சம் வாங்களேன்” என்றான். குரல் சரியில்லை.

மூடி மாமா குனிந்தார். வெல்டர் கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரைச் சேசிஸில் வைத்து அழுத்தினான். அடிக்கக்கூட இல்லை, சும்மா அழுத்தினான். அது பிடிவரை உள்ளே போய்விட்டது. கறுப்புத் தார் மட்டும் தோல் மாதிரி சுருங்கியது. தாருக்கு உள்ளே இரும்பே இல்லை.

“இது எப்படிடா? இது நான் பூசின வண்டி மச்சான். வருஷா வருஷம் பூசுறேன்.”

வெல்டர் இடுக்கியை எடுத்து, அடியில் இருந்த ரப்பர் மூடி ஒன்றைப் பிடித்து இழுத்தான். மூடி வந்தது. பின்னாலேயே தண்ணீர் வந்தது. செக்கச்செவேலென்று, சேறும் துருச்செதிலுமாக, நாற்றம் குடலைப் பிடுங்கியது. வாளி நிறையும்போல அது ஊற்றிக்கொண்டே இருந்தது. மூடி மாமா வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

“மேல ஒயர் போற வழி, போல்ட் இடுக்கு, எல்லாத்துலயும் தண்ணி உள்ள போகுது மாமா” என்றான் வெல்டர் மெதுவாக. “இந்த ஓட்டை உள்ள போற தண்ணி வெளிய வர்றதுக்கு வெச்சது. நானும் இத்தனை வருஷம் உங்க பூச்சைத்தான் பார்த்தேன், உள்ள பார்க்கல. உப்புத்தண்ணிய உள்ள வெச்சு மூடி போட்டிருக்கோம்.”

“போட்டிருக்கோம்” என்று சொன்னது அவனுடைய நல்ல மனசு. போட்டது யார் என்று மூவருக்கும் தெரியும். ஐஸ்காரர் அந்த ஓட்டையையே பார்த்துக்கொண்டு நின்றார். “நேத்து என் பேத்தியை இதுலதான் ஸ்கூல்ல கொண்டுபோய் விட்டேன்” என்றார். திட்டவில்லை, கத்தவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

மூடி மாமாவுக்கு அப்போதுதான் உறைத்தது. மகளின் வண்டியும் இதே மாடல். அதற்கும் அவர்தான் மூடி போட்டார். சொந்த மகள் ஆயிற்றே என்று ஒரு பூச்சுக்கு இரண்டு பூச்சு. அவள் விடியற்காலையிலேயே பாரம் ஏற்றிக்கொண்டு மலைப்பாதையில் கிளம்பிவிட்டாள்.

போனை எடுத்து அழுத்தினார். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. ஓட்டும்போது போனைத் தொட்டால் கையை உடைப்பேன் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவரேதான். மறுபடி அழுத்தினார். மறுபடியும் அதே மணி. அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. “வண்டியை எடு, வண்டியை எடு” என்பதைத் தவிர வாயில் வேறு வார்த்தை வரவில்லை. வெல்டர் அவரை ஸ்கூட்டரின் பின்னால் ஏற்றிக்கொண்டு பறந்தான். ஐஸ்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளக்கூட இல்லை.

மலைப்பாதையில் ஒவ்வொரு வளைவிலும் மூடி மாமா பள்ளத்தைத்தான் பார்த்தார். ஓரத்தில் மண் சரிந்திருந்தால் நெஞ்சு நின்றுவிடும். கீழே புதரில் அவள் வண்டி மாதிரி வெள்ளையாக ஏதாவது தெரிந்தால், “நிறுத்து!” என்று வெல்டரின் தோளைப் பிடித்து உலுக்குவார். ஒரு தடவை அது கிழிந்த கோணி, இன்னொரு தடவை வெறும் பாறை. பாரத்தோடு ஏறும்போது சேசிஸ் எந்த இடத்தில் முறியும், முறிந்தால் பெட்டி எந்தப் பக்கம் சாயும் என்று அவருக்கு அத்துப்படி. தெரிந்தது தெரியாமலிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

சந்தைக்குக் கொஞ்சம் முன்னால், சாலையோர டீக்கடையில் வண்டி நின்றிருந்தது. மகள் கையில் கிளாஸோடு கடைக்காரரிடம் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். ஸ்கூட்டர் நிற்பதற்குள் மூடி மாமா குதித்து, தடுமாறி விழுந்து, எழுந்து ஓடினார். அவளைக் கட்டிப்பிடிக்கவில்லை. நேராக வண்டிக்கு அடியில் புகுந்தார்.

“அப்பா! என்னப்பா ஆச்சு? அம்மாவுக்கு ஏதாவதா?”

அவர் விரல்கள் சேசிஸின் அடிப்பக்கத்தைத் தடவின. முதல் ஓட்டை திறந்திருந்தது. விழுந்திருக்கும் என்று நினைத்தார். அடுத்ததும் திறந்திருந்தது. அதற்கடுத்ததும். ஒரு மூடிகூட இல்லை. விரலை உள்ளே விட்டுப் பார்த்தார். துரு இல்லை, சேறு இல்லை. விரலில் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டியது. முஷ்டியால் குத்தினார். கெட்டி இரும்பு, கைதான் வலித்தது.

உயிர் திரும்பி வந்தது. அடியிலிருந்து தலையை மட்டும் வெளியே நீட்டினார்.

“மூடியெல்லாம் எங்கம்மா?”

மகள் கிளாஸைக் கீழே வைத்தாள். வெல்டரின் முகத்தைப் பார்த்தாள், என்ன நடந்திருக்கும் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

“நான்தான் எடுத்தேன்பா.”

“எப்போ?”

“வண்டி வாங்கின அடுத்த வருஷமே. பிரேக் போட்டா உள்ள தண்ணி ஓடுற சத்தம் கேட்டுச்சு. ஒண்ணை எடுத்துப் பார்த்தேன், செவப்பா கொட்டுச்சு. அப்புறம் மேல ஒரு பட்டறையில கழுவிக் காயவெச்சு, உள்ள எண்ணெய் அடிச்சுக்கிட்டேன். நீ வருஷா வருஷம் மூடி போடுவ. நான் மறுநாளே எடுத்துடுவேன், அடுத்த வருஷம் உன்கிட்ட கொண்டுவர்றதுக்கு முன்னாடி திரும்ப மாட்டிடுவேன்.”

மூடி மாமாவுக்கு அவள் பேசுவது தூரத்திலிருந்து கேட்பது போல இருந்தது. தன் கண்முன்னால் வளர்ந்த பிள்ளை, தினமும் ஒரே தட்டில் கைநனைத்த பிள்ளை. “ஏம்மா எங்கிட்ட சொல்லல?”

“சொல்லணும்னு எத்தனையோ தடவை வந்தேன்பா. எப்ப வந்தாலும் நாலு பேர் உன்னைப் புகழ்ந்துக்கிட்டு இருப்பாங்க. உன் மூஞ்சியப் பார்த்தா வாய் வராது.” அவள் குரல் உடைந்தது. “அப்பா மனசு நோகக் கூடாதுன்னு மட்டும்தான் நினைச்சேன்.”

“மத்த வண்டியெல்லாம்?”

மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கண்ணீர் மளமளவென்று இறங்கியது. கன்னத்தில் ஒன்று வைக்க வேண்டும் போல அவருக்கு ஆத்திரம் பொங்கியது. ஊன்றி எழுந்து, கையை ஓங்கியவர் அப்படியே நின்றுவிட்டார். ஐஸ்காரரின் சேசிஸில் ஸ்க்ரூடிரைவர் இறங்கியதைப் பார்த்த பிறகு அவர் செய்தது என்ன? ஊர் முழுக்க அவர் அடைத்த வண்டிகள் ஓடிக்கொண்டிருக்க, ஒருத்தருக்காவது போன் செய்தாரா? தன் பிள்ளை, தன் பிள்ளை என்று ஓடிவந்தார். மலையேறி வந்த இத்தனை நேரத்தில் வேறு ஒரு வண்டியின் முகம்கூட மனதில் வரவில்லை. இவள் அவர் மனசுக்காக வாயை மூடினாள், அவர் இவளுக்காக ஊரையே மறந்தார். யாரை அடிப்பது?

தூக்கிய கையால் மகளின் தலையைத் தொட்டார். பிறகு போனை எடுத்தார். முதலில் நினைவுக்கு வந்தவர் கட்டட மேஸ்திரி. வண்டியின் பின்பெட்டியில் வேலையாட்களை நிற்கவைத்து ஏற்றிப்போகிறவர். போன வாரம்தான் பூச்சு முடித்துக்கொண்டு போனார்.

இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார். பின்னணியில் எஞ்சின் சத்தமும், பெண்களும் ஆண்களுமாகக் கூட்டமாகச் சிரிக்கும் சத்தமும் கேட்டது.

“சொல்லுங்க மாமா! டிரைவர் ஓட்டுறான், நான் பக்கத்துலதான் இருக்கேன்.”

“வண்டியை ஓரமா நிறுத்தச் சொல்லு. ஆளுங்களை எல்லாம் இறக்கிவிடு. இப்பவே.”

“ஏன் மாமா, என்ன விஷயம்?”

“சேசிஸ் உள்ள உளுத்திருக்கும். எந்த நேரத்துலயும் முறியும். இறக்கு.”

மேஸ்திரி வாய்விட்டுச் சிரித்தார். “விளையாடாதீங்க மாமா. இது உங்க கை பட்ட வண்டி!”

“அதனாலதான்டா சொல்றேன்” என்று மூடி மாமா நடுரோட்டில் நின்று கதறினார். “என் கை பட்ட வண்டி. இறக்குடா எல்லாரையும்!”