பிரிக்காத பிளேடு

பள்ளிக்கரணையில் நான் கிராம சுகாதார நர்சாக இருந்த பதினோரு வருஷத்தில் யாருக்காவது பயந்தேன் என்றால் அது பச்சையம்மாவுக்குத்தான். சதுப்பில் கோரை அறுக்கிறவள். ஊரில் பாதிப் பேரின் பிரசவம் பார்த்ததும் அவள்தான். வேலைக்குச் சேர்ந்த அன்றே என்னை மேலும் கீழும் பார்த்து, "இன்னா நர்சம்மா, நீ எத்தினி பெத்துக்கினே?" என்று கேட்டாள். எனக்கு அப்போது கல்யாணமே ஆகவில்லை.

எண்பத்தைந்தில் அரசாங்கம் ஒரு காரியம் செய்தது. நல்ல காரியம்தான், அதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை. ஊர் மருத்துவச்சிகளைக் கூப்பிட்டுப் பயிற்சி கொடுத்து, ஆளுக்கு ஓர் அலுமினியப் பெட்டியும் கொடுத்தது. சோப்பு, பஞ்சு, தொப்புள்கொடி கட்ட நூல், அறுக்க உறை பிரிக்காத பிளேடு. ஒரு பிரசவத்துக்கு ஒரு செட். தீர்ந்தால் என்னிடம் வாங்கிக்கொள்ளலாம்.

பச்சையம்மா முதலில் கேலி பண்ணினாள். பிறகு என்னைவிட அதிகமாகப் பிடித்துக்கொண்டாள். "ஒரு தபா தொட்ட பிளேட மறு தபா தொடக்கூடாது" என்று கோரை அறுக்கிற பெண்களுக்கெல்லாம் பாடம் எடுத்தாள்.

கொடுத்த செட்டுகள் சில மாதங்களில் தீர்ந்தன. என்னிடம் வேறு இல்லை. எழுதிக் கேட்டேன், நேரில் போய்க் கேட்டேன். "வந்தா தருவோம்மா" என்றார்கள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்று சும்மாவா சொன்னார்கள்?

மறு வருஷம் ஆடியில் மாவட்டத்திலிருந்து ஓர் அதிகாரி ஆய்வுக்கு வந்தார். பச்சையம்மாவின் காலிப் பெட்டியைக் கவிழ்த்துக் காட்டி, அத்தனை பேர் நடுவில் என்னை நிற்கவைத்துத் திட்டினார். அடுத்த தடவையும் இப்படியென்றால் எனக்கு மெமோ, பச்சையம்மாவின் பேர் லிஸ்டிலிருந்து அடிக்கப்படும். சரக்கு எங்கே சார் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அழத்தான் தெரிந்தது.

அப்புறம் கெஞ்சிக் கூத்தாடி ஒரே ஒரு செட் வாங்கினேன். அதைப் பெட்டியில் வைத்துக் கொடுத்து நான்தான் சொன்னேன்: "அக்கா, ஆபீசர் வந்து பார்க்கிற வரைக்கும் இதைத் தொடாதீங்க. நடுவுல பிரசவம் வந்தா சிட்டிபாபு கடையில புது பிளேடு வாங்கிக்குங்க."

ஐப்பசி வரை அப்படியே செய்தாள்.

கார்த்திகையில் அவளுடைய ஒரே மகள் கிளியம்மாள், அனகாபுத்தூரில் வாழ்க்கைப்பட்டவள், தலைப்பிரசவத்துக்கு வந்தாள். கர்ப்பிணிகளுக்குப் போடும் ரணஜன்னித் தடுப்பூசியை அங்கேயே போட்டிருப்பார்கள் என்று நான் நினைத்தேன். அம்மா வீட்டில் போட்டுக்கொள்வாள் என்று அங்கே நினைத்தார்கள். மழை பிடித்தது. சதுப்புத் தண்ணீர் ரோட்டுக்கு ஏறி, பஸ் நின்று, நான் தாம்பரத்தில் என் வீட்டிலேயே மாட்டிக்கொண்டேன். சிட்டிபாபு கடைக்குள் முழங்கால் தண்ணீர். வலி கண்டு மூன்று மணி நேரத்தில் பிறந்துவிட்டது, ஆண் குழந்தை.

மூன்றாம் நாள் போனேன். பச்சையம்மா பேரனை என் மடியில் போட்டாள். எடை பார்த்தேன், கொஞ்சினேன், எந்த பிளேடு என்று கேட்கவில்லை. ஆறாம் நாள் குழந்தை பால் குடிக்கவில்லை, வாய் திறக்கவில்லை. தொட்டால் வில் மாதிரி விறைத்தது. ரணஜன்னி. பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். எட்டாம் நாள் போய்விட்டது.

அன்று இரவு முழுக்கப் பச்சையம்மாவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்த முனிரத்தினம், அவள் புருஷன், என்னிடம் சொன்னார். கொடி அறுத்தது அவர் முகம் மழிக்கிற பழைய பிளேடு. வெந்நீரில் கழுவி எடுத்திருக்கிறாள்.

அதற்கு மூன்றாம் நாள் ஆய்வு. அவள் வருவாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. தலை வாராமல், புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, பெட்டியோடு வந்து வரிசையில் நின்றாள். அதிகாரி திறந்தார். நூல், பஞ்சு, சோப்பு, உறை பிரிக்காத பிளேடு. "வெரி குட். பெட்டின்னா இப்படித்தான் இருக்கணும்" என்றார். பதிவேட்டில் எழுதினார். அதன் கீழே நான் கையெழுத்துப் போட்டேன். போட்டேன், என்ன செய்ய.

தை மாதம் இருபது செட் வந்தது. எடுத்துக்கொண்டு ஓடினேன். பச்சையம்மா பெட்டியை என் கையில் திருப்பிக் கொடுத்தாள். "இனிமே நான் எந்த வூட்டுக்கும் போவல நர்சம்மா."

எனக்குத் தாங்கவில்லை. "உங்க சொந்தப் பொண்ணாச்சேக்கா! அந்த பிளேடைப் பிரிச்சிருக்கக்கூடாதாக்கா? நான் சொன்னா சொன்னதுதானா?" என்று கத்தினேன்.

அவள் கத்தவில்லை. "போன தபா உன்ன நிக்க வெச்சித் திட்டுனானே. வயசுப் பொண்ணு, அழுதுகினே போனே. மறுபடி உனக்கு அந்தப் பேஜார் வாணாம்னுதான்" என்றாள்.

என்னை ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம். கடைசிவரை திட்டவில்லை.